சென்ட்ரல் மெட்ரோவில் ரயில் மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக வாரத்தில் ஐந்து நாள் சென்னை சென்ட்ரலில் இறங்கி, மாறி, போய்வருகிறேன். வழி தெரியாமல் நிற்கும் யாராவது ஒருவர் தினமும் கண்ணில் படுவார். கையில் பெட்டி, தோளில் குழந்தை, பக்கத்தில் வயதான அம்மா. அவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அவற்றுக்கு நின்று சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் உறவினருக்கு அனுப்பி வைத்தால் அவர்களுக்கும் உதவும்.

"சென்ட்ரல்" என்றால் எந்த ஸ்டேஷன்?

முதல் குழப்பமே இதுதான். இதைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த ஒரு வட்டாரத்தில் ஐந்து ரயில் நிலையங்கள் இருக்கின்றன.

கடிகாரக் கோபுரத்தோடு சிவப்பாக நிற்பது வெளியூர் ரயில்களுக்கான சென்ட்ரல். அதன் பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் புறநகர் ரயில்கள் அங்கிருந்து புறப்படும். சாலைக்கு எதிர்ப்புறம், ஜி.எச். (அரசுப் பொது மருத்துவமனை) அருகில் இருப்பது பார்க் ஸ்டேஷன். கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு மின்சார ரயில்கள் அங்கே நிற்கும். கொஞ்சம் தள்ளிப் பார்க் டவுன். அது வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலுக்கு (மேம்பாலத்தில் ஓடும் மின்சார ரயில்). இந்த நான்குக்கும் நடுவே, தரைக்கடியில், ஐந்தாவதாக இருப்பதுதான் சென்ட்ரல் மெட்ரோ.

ஆகவே "சென்ட்ரலில் சந்திப்போம்" என்று சொன்னால் எந்தச் சென்ட்ரல் என்றும் சொல்லிவிடுங்கள். ஒருவர் மேலே கோபுரத்தடியிலும் ஒருவர் கீழே டிக்கெட் தளத்திலும் அரை மணி நேரம் காத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

பலகையில் வேறு பெயர் இருக்கிறதே, அது எது?

அதுவும் இதே நிலையம்தான். 2020 ஜூலை இறுதியில் தமிழக அரசு மூன்று மெட்ரோ நிலையங்களுக்குத் தலைவர்களின் பெயர்களைச் சேர்த்தது. சென்ட்ரல் மெட்ரோ "புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ" ஆனது. ஆலந்தூருக்கு அறிஞர் அண்ணா பெயரும், கோயம்பேடு பேருந்து நிலையத்தை ஒட்டிய நிலையத்துக்குப் புரட்சித் தலைவி டாக்டர் ஜெ.ஜெயலலிதா பெயரும் சேர்ந்தன. மேலே உள்ள ரயில்வே நிலையத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே, 2019 ஏப்ரலில், எம்.ஜி.ஆர். பெயர் வந்துவிட்டது.

வேறு சில பெயர்களும் புதியவர்களைத் திணறடிக்கும். ஆங்கிலத்தில் "கவர்ன்மென்ட் எஸ்டேட்" என்பது தமிழ்ப் பலகையில் அரசினர் தோட்டம். "லிட்டில் மவுண்ட்" சின்னமலை. "செயின்ட் தாமஸ் மவுண்ட்" பரங்கிமலை. "தவுசண்ட் லைட்ஸ்" ஆயிரம் விளக்கு. அலுவலகத்தில் ஒருவர் ஆங்கிலப் பெயரை எழுதிக் கொடுத்து, நீங்கள் தமிழ்ப் பலகையைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நீல வழித்தடத்திலிருந்து பச்சைக்கு மாற வெளியே வந்து மறுபடி டிக்கெட் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இங்கே சந்திக்கும் இரண்டு மெட்ரோ வழித்தடங்களுக்கு நீலம், பச்சை என்று பெயர். புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச்சேரும் இடம் வரைக்கும் ஒரே டிக்கெட். சென்ட்ரலில் கேட்டுக்கு வெளியே வராமல், உள்ளேயே ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு வழித்தடங்களின் நடைமேடைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனித்தனித் தளங்களில் இருக்கின்றன. எஸ்கலேட்டர், லிஃப்ட், படிக்கட்டு மூன்றும் உண்டு.

பலர் செய்யும் தவறு, ரயிலிலிருந்து இறங்கியதும் கூட்டம் போகும் பக்கமே போய்விடுவது. கூட்டத்தில் பெரும்பாலோர் வெளியூர் ரயிலையோ மருத்துவமனையையோ நோக்கிப் போகிறவர்கள். அவர்கள் பின்னால் போனால் கேட்டில்தான் போய் நிற்பீர்கள். டிக்கெட்டைக் காட்டி வெளியே வந்துவிட்டால் பயணம் அங்கேயே முடிந்ததாகக் கணக்கு. மறுபடி உள்ளே போகப் புது டிக்கெட் வேண்டும். இறங்கியதும் ஒரு நிமிடம் ஓரமாக நின்று, மேலே தொங்கும் பலகையில் நீலமா பச்சையா என்று பாருங்கள். நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவசரமில்லாமல் மாற ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டால் போதும்.

எந்தத் திசை ரயில் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரயிலின் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்க்க வேண்டும்.

நீல வழித்தடம் வடக்கே விம்கோ நகர் பணிமனையிலிருந்து தெற்கே விமான நிலையம் வரை போகிறது. சென்ட்ரல் அதன் நடுவே வரும் நிலையம். விம்கோ நகர் என்று போட்டிருந்தால் உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம். விமான நிலையம் என்று போட்டிருந்தால் அண்ணா சாலை வழியாக எல்.ஐ.சி., தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி பக்கம்.

பச்சை வழித்தடத்துக்குச் சென்ட்ரல்தான் தொடக்கம். அது எழும்பூர், கீழ்ப்பாக்கம், அண்ணாநகர், கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலை போகும். அதனால் பச்சையில் திசைக் குழப்பம் கிடையாது, எல்லா ரயிலும் எழும்பூர் பக்கம்தான். ஆனால் ரயில் வந்து திரும்பும் இடம் என்பதால், எந்த நடைமேடையிலிருந்து அடுத்த ரயில் புறப்படும் என்பதை மட்டும் அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ட்ரலில் மாறுவதா, ஆலந்தூரில் மாறுவதா?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்காமல் பழக்கத்தில் ஒரே இடத்தில் மாறி, தினமும் கால் மணி நேரத்தை இழக்கிறவர்கள் உண்டு.

நீலமும் பச்சையும் இரண்டு இடங்களில் சந்திக்கின்றன: சென்ட்ரல், ஆலந்தூர். இரண்டுக்கும் நடுவே இரண்டு பாதைகளும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். நீலத்தில் போனால் சென்ட்ரலிலிருந்து ஆலந்தூர் பத்தாவது நிறுத்தம். பச்சையில் போனால் பதினைந்தாவது. ஆக மொத்த வளையம் இருபத்தைந்து. உங்கள் ஊரும் போகிற இடமும் அந்த வளையத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அண்ணாநகர் டவரிலிருந்து எல்.ஐ.சி. போக வேண்டுமா? சென்ட்ரல் வழியாக ஒன்பது நிறுத்தம், ஆலந்தூர் வழியாகப் பதினாறு. யோசிக்கவே வேண்டாம், சென்ட்ரல்தான். அதே எல்.ஐ.சி.க்கு வடபழனியிலிருந்து போனால் கணக்கு மாறிவிடும்: சென்ட்ரல் வழியாகப் பதினான்கு, ஆலந்தூர் வழியாகப் பதினொன்று. கோயம்பேட்டிலிருந்து தேனாம்பேட்டைக்கும் அப்படியே, பதினான்குக்கு எதிராகப் பதினொன்று, ஆலந்தூரே மேல். ஆனால் கோயம்பேட்டிலிருந்து அரசினர் தோட்டத்துக்கு என்றால் சென்ட்ரல் வழியாகப் பத்து, ஆலந்தூர் வழியாகப் பதினைந்து.

வடசென்னையிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வண்ணாரப்பேட்டையில் ஏறி அசோக் நகர் போகிறவர் சென்ட்ரலில் மாறினால் மொத்தம் பதினாறு நிறுத்தம். மாறாமல் நீலத்திலேயே ஆலந்தூர் வரை போய் அங்கே மாறினால் பதினைந்து. ஈக்காட்டுத்தாங்கல், பரங்கிமலை போகிறவர்களுக்கு லாபம் இன்னும் அதிகம். வடபழனிக்குச் சென்ட்ரல் ஒரு நிறுத்தம் முந்தும். எனவே வடபழனியைக் கோடாக வைத்துக்கொள்ளலாம்: அதுவரை சென்ட்ரலில் மாறுங்கள், அதைத் தாண்டினால் ஆலந்தூரில் மாறுங்கள்.

இன்னொன்று. ஆலந்தூர் தரைக்கு மேலே, தூண்களின் மீது நிற்கும் நிலையம். வெளிச்சமும் காற்றும் இருக்கும். சென்ட்ரல் முழுக்க நிலத்தடி. மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒன்றிரண்டு நிறுத்தம் கூடினாலும் ஆலந்தூரைத் தேர்ந்தெடுப்பது நியாயமே.

விமான நிலையத்துக்கு எதில் ஏறுவது?

நீலம். சென்ட்ரலிலிருந்து பதின்மூன்றாவது நிறுத்தம், எங்கும் மாற வேண்டியதில்லை. கோயம்பேடு வழியாக விமான நிலையத்துக்கு நேராகப் போகும் ரயில்களும் இயக்கப்பட்டதுண்டு. அப்படி ஒன்று வந்து நின்றால், "விமான நிலையம்" என்ற பெயரைப் பார்த்து அவசரமாக ஏறிவிடாதீர்கள். சேருமிடம் ஒன்றுதான், ஆனால் சுற்று அதிகம். சென்ட்ரலிலிருந்து போகிறவர்களுக்கு அண்ணா சாலை வழிதான் குறுக்குவழி.

வெளியூர் ரயிலில் சென்ட்ரலில் இறங்கி, எழும்பூரில் வேறு ரயில் பிடிக்க வேண்டும். ஆட்டோ பிடிப்பதா?

வேண்டாம். எழும்பூர் பச்சை வழித்தடத்தில் அடுத்த நிறுத்தமே. சென்ட்ரல் ரயில்வே நிலையத்திலிருந்து கீழே இறங்கி, ஒரே ஒரு நிறுத்தம் போய், மேலே ஏறினால் எழும்பூர் ரயில் நிலையம். அந்த இரண்டு கிலோமீட்டரை ஆட்டோவில் கடக்க எவ்வளவு பேரம் பேசியிருக்கிறோம், சிக்னலில் நின்று ரயிலைத் தவறவிட்டிருக்கிறோம்!

இவ்வளவு பக்கத்தில் இரண்டு பெரிய முனையங்கள் ஏன் என்று சிலர் கேட்பார்கள். காரணம் தண்டவாளத்தின் அகலம். சென்ட்ரல் 1873இல் மதராஸ் ரயில்வே கட்டியது. அது அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். எழும்பூர் 1908இல் தென்னிந்திய ரயில்வேக்காக எழுந்தது. அது மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். ஒரு பாதையின் வண்டி இன்னொன்றில் ஓட முடியாது. ஆகவே வடக்கேயும் மேற்கேயும் போகிறவர்கள் சென்ட்ரலுக்கும், திருச்சி, மதுரை, திருநெல்வேலி போகிறவர்கள் எழும்பூருக்கும் போனார்கள். மதுரையிலிருந்து வந்து டெல்லி போக வேண்டியவர் குதிரை வண்டியிலோ ரிக்‌ஷாவிலோ சாமானை ஏற்றிக்கொண்டு நடுவில் உள்ள தெருவைக் கடந்தார். பிறகு தெற்கத்திப் பாதைகளும் அகலப்பாதையாக மாறிவிட்டன. ஆனாலும் இரண்டு முனையங்களும் தனித்தனியாகவே நின்றன. 2018 மே 25 அன்று நேரு பூங்காவிலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோ நீண்டபோதுதான் எழும்பூரும் சென்ட்ரலும் ரயிலால் நேரடியாக, பயணி ஏறி இறங்கும்படி, கோக்கப்பட்டன. அதுவும் மூன்றாவது ஓர் அகலத்தில்: மெட்ரோ ஓடுவது 1,435 மில்லிமீட்டர் பாதையில்.

என் பெரியம்மா கோவில்பட்டியிலிருந்து வந்து வாராணசி ரயில் பிடித்தபோது இந்த வழியாகத்தான் கூட்டிப்போனேன். எழும்பூரில் படியிறங்கும்போது முகத்தில் பயம் இருந்தது. சென்ட்ரலில் ஏறி வந்ததும், "அவ்வளவுதானா?" என்றார். அவர் இளவயதில் அதே தூரத்தைத் தலைச்சுமையோடு நடந்தவர்.

கையில் நிறையச் சாமான். எவ்வளவு நேரம் முன்னால் வர வேண்டும்?

மெட்ரோவில் நுழையும்போது பைகளை ஸ்கேனரில் வைக்க வேண்டும். கூட்ட நேரத்தில் அதற்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனால் உண்மையில் நேரம் போவது மேலே. இருபத்திரண்டு பெட்டி உள்ள ஒரு வெளியூர் ரயில் அரை கிலோமீட்டர் நீளம். உங்கள் பெட்டி என்ஜின் பக்கம் இருந்தால் அவ்வளவும் நடக்க வேண்டும். மெட்ரோவிலிருந்து இறங்கும் நேரத்துக்கும் ரயில் புறப்படும் நேரத்துக்கும் நடுவே முப்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முதியவர் கூட வந்தால் நாற்பத்தைந்து.

தாம்பரம் பக்கம் மின்சார ரயில் பிடிக்கவும், வேளச்சேரி போகவும் எப்படி?

மெட்ரோவின் சுரங்கப்பாதையிலேயே சாலையின் எதிர்ப்புறம் போகலாம். பெரியார் ஈ.வெ.ரா. சாலையை, அதாவது பழைய பூந்தமல்லி நெடுஞ்சாலையை, மேலே கடக்க வேண்டியதில்லை. அந்தச் சாலையைக் கடப்பது எவ்வளவு ஆபத்தாக இருந்தது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். பலகைகளில் பார்க், பார்க் டவுன், மூர் மார்க்கெட், அரசுப் பொது மருத்துவமனை, ரிப்பன் மாளிகை என்று போட்டிருக்கும். உங்களுடையதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மின்சார ரயிலுக்கும் பறக்கும் ரயிலுக்கும் மெட்ரோ டிக்கெட் செல்லாது. அவை ரயில்வேயைச் சேர்ந்தவை. கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டில் நான்காவது பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டு, 2024 அக்டோபர் இறுதியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்த இடைவெளியில் பார்க் டவுனுக்கு வந்து ஏமாந்தவர்கள் இன்னும் அது மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு மெட்ரோ போகுமா?

போகாது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போய்விட்டன, ஆனால் பழக்கத்தில் கோயம்பேட்டுக்கு மெட்ரோவில் போய் நிற்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். சென்ட்ரலிலிருந்து போவதானால், சுரங்கப்பாதை வழியாகப் பார்க் ஸ்டேஷன் போய், செங்கல்பட்டு மின்சார ரயிலில் வண்டலூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம்.

டிக்கெட் எவ்வளவு? எப்படி வாங்குவது?

குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். முன்பு அதிகபட்சம் 70 ஆக இருந்தது, 2021 பிப்ரவரியில் குறைத்தார்கள். செல்போனில் கியூஆர் டிக்கெட் எடுத்தாலோ சிங்காரச் சென்னை அட்டை பயன்படுத்தினாலோ 20 சதவீதம் தள்ளுபடி. மெட்ரோவின் பழைய பயண அட்டைக்குப் பதிலாக இப்போது அந்த அட்டைதான். 2025 செப்டம்பரில் வந்த "சென்னை ஒன்" செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆரில் டிக்கெட் எடுக்கலாம். சென்ட்ரல் மாதிரியான இடத்தில் அதன் அருமை தெரியும்.

செல்போன் பழக்கமில்லாதவர்கள் கவுண்ட்டரில் கேட்டு வாங்கலாம். தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள், அதைக் கசக்காமல் வைத்திருங்கள். வெளியே வரும்போதும் அது வேண்டும்.

காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

அதிகாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ரயில்கள் ஓடுகின்றன. 11 மணி என்பது முனைய நிலையங்களிலிருந்து கடைசி ரயில் புறப்படும் நேரம். மாறிப் போக வேண்டியவர்கள் அதை நம்பிக் கடைசி நிமிடத்தில் வரக்கூடாது. முதல் ரயில் சரியாக வந்தாலும், மாறும் இடத்தில் மற்ற வழித்தடத்தின் கடைசி ரயில் போயிருக்கலாம். இரவு பத்தரைக்குள் முதல் ரயிலில் ஏறிவிடுவது என் வழக்கம்.

வயதானவர்களையும் நோயாளிகளையும் அழைத்து வருவது சிரமமா?

எல்லாத் தளங்களுக்கும் லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலி செல்லும் வழி இருக்கிறது. சிரமம் வேறு இடத்தில். நிலையம் மிகப் பெரியது, சென்னை மெட்ரோவிலேயே இதுதான் ஆகப் பெரியது. லிஃப்ட் இருக்கும் இடத்துக்கு நடந்து போவதே முடியாதவருக்குப் பெரிய தூரம். அதனால் ரயிலிலிருந்து இறங்கியதும் நோயாளியை ஓர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் போய் லிஃப்ட்டையும் வெளியேறும் வழியையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவரையும் நடக்கவைத்துக்கொண்டு தேடாதீர்கள். ஊழியர்களிடம் கேட்டால் சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்வார்கள், தயங்காமல் கேளுங்கள்.

ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு எத்தனையோ மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். புறநோயாளிச் சீட்டுக்கு விடிகாலையிலேயே வரிசை தொடங்கிவிடும். அந்த வேளையில் மெட்ரோவிலிருந்து ஏறி வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் ஸ்கேன் எடுத்த பெரிய கவர் இருக்கும். வழி கேட்டால் தயவுசெய்து நின்று சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பக்கச் சுரங்கப்பாதை தொடங்கும் இடம் வரை கூடப் போய்விட்டு வாருங்கள். உங்களுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

நடைமேடை ஓரத்தில் கண்ணாடிச் சுவர் எதற்கு?

பாதுகாப்புக்கும் குளிர்ச்சிக்கும். ரயில் வந்து நின்ற பிறகே கண்ணாடிக் கதவும் ரயில் கதவும் சேர்ந்து திறக்கும், ஆகவே யாரும் தண்டவாளத்தில் விழ முடியாது. நடைமேடையின் குளிர்காற்று சுரங்கத்துக்குள் வீணாகப் போகாமலும் அது தடுக்கிறது. நிலத்தடி நிலையங்களில் மட்டுமே இதைப் பார்ப்பீர்கள். கோயம்பேடு, ஆலந்தூர் மாதிரி மேலே உள்ளவற்றில் இல்லை. கதவு மூடும் ஒலி வந்த பிறகு கையை நீட்டாதீர்கள்.

பெருமழையில் உள்ளே தண்ணீர் வராதா?

நுழைவாயிலைக் கவனித்துப் பாருங்கள். கீழே போக வேண்டிய இடத்தில் முதலில் சில படிகள் ஏறுவோம், பிறகுதான் இறக்கம். தெருவில் தேங்கும் தண்ணீர் உள்ளே வழியாமலிருக்கத்தான் அந்த மேடு. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், பக்கத்திலேயே கூவம் என்று இருக்கும் வட்டாரம் இது. அந்தச் சில படிகள் மிக முக்கியமானவை. அங்கே உட்கார்ந்து வழியை அடைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு ஆழத்தில் எப்படிக் கட்டினார்கள்? ஏன் அத்தனை வருடம் ஆனது?

நிலையமும் சுரங்கமும் வேறு வேறு விதமாகக் கட்டப்படுகின்றன. சுரங்கத்தைப் பிரம்மாண்டமான குடைவு இயந்திரங்கள் தரைக்கடியிலேயே துளைத்துக்கொண்டு போகும். பின்னாலேயே கான்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டு வரும். மேலே போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கும். நிலையத்தை அப்படிச் செய்ய முடியாது. முதலில் நாலாபக்கமும் ஆழமாகக் கான்கிரீட் சுவர்களை மண்ணுக்குள் இறக்கி, அவற்றுக்குள் மண்ணைத் தோண்டி எடுத்து, தளம் தளமாகக் கட்ட வேண்டும். சாலை மறிக்கப்படும், பேருந்து சுற்றிப்போகும். சென்ட்ரல் வாசலில் வருடக்கணக்கில் தகரத் தடுப்புகளை ஒட்டி நடந்தோமே, அதெல்லாம் இதற்குத்தான்.

சென்னையின் மண்ணும் ஒத்துழைக்கவில்லை. ஓர் இடத்தில் மணல், கொஞ்சம் தள்ளிக் களிமண், இன்னும் தள்ளிப் பாறை. அண்ணா சாலையில் 2017 ஏப்ரலில் சுரங்கப் பணி நடந்த இடத்துக்கு மேலே சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியது நினைவிருக்கும். அண்ணா சாலைப் பகுதியை எடுத்திருந்த ஒப்பந்ததாரர் பாதியில் விலகியதாலும் தாமதம் கூடியது.

அதனால்தான் சென்ட்ரல் மெட்ரோ திறந்த நாளிலேயே மாறும் நிலையமாகிவிடவில்லை. 2018 மே 25 அன்று பச்சை வழித்தடம் மட்டுமே வந்து சேர்ந்தது. நீலத்துக்கான தளம் கீழே காத்திருக்க, எட்டரை மாதம் இது வெறும் கடைசி நிறுத்தமாகவே இருந்தது. 2019 பிப்ரவரி 10 அன்று அண்ணா சாலையிலுள்ள ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையம் முதல் வண்ணாரப்பேட்டை வரையிலான பகுதி திறந்தது. அன்றுதான் இங்கே முதல் முறையாக ஒரு பயணி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறினார். 2021 பிப்ரவரியில் பாதை விம்கோ நகர் வரை நீண்டது. வடசென்னைக்காரர்கள் சென்ட்ரலைச் சொந்தமாக்கிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் கட்டம் முடிந்தால் சென்ட்ரலில் கூட்டம் குறையுமா?

குறையும் என்றே நினைக்கிறேன். சுமார் 119 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்படும் மூன்று புதிய வழித்தடங்களில் ஒன்றுகூடச் சென்ட்ரலைத் தொடவில்லை. கீழ்ப்பாக்கம், ஆயிரம் விளக்கு, நந்தனம், வடபழனி, ஆலந்தூர் போன்ற இடங்களில் அவை இப்போதைய பாதைகளைச் சந்திக்கும். கீழ்ப்பாக்கத்திலிருந்து ஆயிரம் விளக்குக்கு இன்று சென்ட்ரல் சுற்றிப் போகிறவர் அன்று நேராகப் போய்விடலாம். எனினும் வெளியூர் ரயில் இருக்கும்வரை பெட்டி படுக்கையோடு வருகிறவர்கள் இங்கேதான் வருவார்கள். புதிய பாதைகளுக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கை இங்குள்ள வழிகாட்டிப் பலகைகளுக்கும் கொடுத்தால் நல்லது. இன்னும் பெரிய தமிழ் எழுத்து, இன்னும் அடிக்கடி, முக்கியமாகச் சுரங்கப்பாதை பிரியும் ஒவ்வொரு முனையிலும்.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. கீழேயே உட்கார்ந்திருப்பதா?

ரிப்பன் மாளிகைப் பக்கம் வெளியே ஏறி வாருங்கள். 1913இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடம் மாநகராட்சித் தலைமையகம். பக்கத்தில் சிவப்பு நிற விக்டோரியா அரங்கு. அதையும் தாண்டிச் சென்ட்ரலின் கடிகாரக் கோபுரம். புறநகர் ரயில் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன இடம், 1985இல் எரிந்துபோனது. என் அப்பா பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கியது அங்கேதான். விளக்கு போட்ட பிறகு, ஏழு மணி வாக்கில் வந்தால், மூன்று கட்டடங்களையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். பெட்டியை மட்டும் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.